மூச்சின் வழி புகும் உலோகம்

(மகாவீர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் அரைமணி நேரத்திற்குள் கல்பாக்கம் வந்துவிடும். அந்தச் சிறு தொலைவின் ஒரு முனையில் உளியின் ஓசை. பல்லவர் காலத்தில் தொடங்கிய கல் வேலை, 1957-இல் நிறுவப்பெற்ற சிற்பக் கல்லூரியாலும், சாலையோரப் பட்டறைகளாலும் இன்றும் தொடர்கிறது. மறுமுனையில் அணுமின் நிலையமும், 1971-இல் தொடங்கப்பெற்று 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற ஆய்வு நிறுவனமும் நிற்கின்றன. ஒன்று மிகப் பழைய தொழில். மற்றொன்று மிகப் புதிய தொழில். இரண்டுக்கும் நடுவே, எல்லாச் சாலைகளிலும் இருப்பது போலவே, தேநீர்க் கடையும் பீடிக் கட்டும் தொங்கும் தீப்பெட்டிக் கயிறும் உண்டு.

கல் தச்சரும் அணுநிலையத் தொழிலாளரும் தேநீர்க் கடையில் புகைப்பவரும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்பவர்கள். ஆயினும் மூவருக்கும் ஒரே வாயில்தான், அது மூச்சு. அந்த வாயில் வழியாக உள்ளே செல்லும் நுண்பொருள்களில் உலோகங்களும் உண்டு. அவை உடலுக்குள் என்ன ஆகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன, யார் அவற்றைக் கணக்கிடுகிறார்கள், யார் கணக்கிடுவதில்லை என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நுரையீரல் என்னும் களஞ்சியம்

ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறார். பத்தாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று உள்ளே சென்று வெளியே வருகிறது. அந்தக் காற்றை ஏற்பதற்கு நுரையீரலில் 30 கோடிக்கு மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு அளவுக்கு வரும். அத்தனை பரப்பிலும் காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையே இருப்பது மிக மெல்லிய ஒரு சவ்வுதான்.

இயற்கை இந்த வாயிலுக்குக் காவலும் வைத்திருக்கிறது. பெரிய தூசு மூக்கிலேயே தங்கிவிடும். அதனினும் சிறியது மூச்சுக் குழல்களின் ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அச்சுவர்களில் உள்ள நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, ஒட்டிய அழுக்கைச் சளியோடு மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவரும். இக்காவலைக் கடந்து நுண்ணறைகளை அடைபவை மிகமிகச் சிறிய துகள்களே. கண்ணுக்குத் தெரியும் தூசைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசே கொடியது என்பதன் காரணம் இதுதான். புகை, உலோக ஆவி, அரைத்த கல்லின் மெல்லிய மாவு ஆகிய மூன்றும் இந்த நுண்ணளவைச் சேர்ந்தவை.

நுண்ணறைக்குள் புகுந்த துகளை விழுங்கி அகற்ற முயலும் தனிச் செல்களும் உள்ளன. அவை உயிர்ப்பொருளைச் செரித்துவிடும். ஆனால் உலோகம் ஒரு தனிமம். அதைச் செரிக்க எந்த உறுப்பாலும் இயலாது. சாராயத்தைக் கல்லீரல் சிதைக்கிறது, மருந்தைச் சிதைக்கிறது, பல நஞ்சுகளையும் சிதைக்கிறது. காட்மியத்தையும் காரீயத்தையும் அதனால் சிதைக்க முடியாது. வடிவம் மாறலாம், இடம் மாறலாம், பொருள் அழிவதில்லை. உள்ளே வந்த உலோகத்திற்கு இரண்டே வழிகள்தாம். கரையாத வகையானால் நுரையீரலிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். கரையும் வகையானால் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகம், கல்லீரல், எலும்பு, மூளை என்று வேறிடத்தில் குடியேறும்.

கணக்கிடப்படும் மூச்சு

கல்பாக்கத்தில் உள்ள வேகப் பெருக்கச் சோதனை உலை 1985 அக்டோபரில் முதன்முறையாகத் தொடர்வினை நிலையை எட்டியது. புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருள் அதில் பயன்பட்டது. புளுட்டோனியம் ஒரு கன உலோகம். அது வெளியிடும் ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், தோலும் தடுத்துவிடும். ஆகவே உடலுக்கு வெளியே இருக்கும்வரை அதனால் பெருந்தீங்கில்லை. அதுவே நுண்துகளாக நுரையீரலுக்குள் புகுந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். சுற்றியுள்ள சில செல்களின் மீதே கதிரின் ஆற்றல் முழுவதும் இறங்கும். காலப்போக்கில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து கல்லீரலிலும் எலும்பிலும் படியும்.

இதனால்தான் அத்தகைய பொருள்கள் மூடிய கையுறைப் பெட்டிகளுக்குள் வைத்தே கையாளப்படுகின்றன. பெட்டிக்குள் இருக்கும் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக வைக்கப்படும். எங்கேனும் ஒரு துளை விழுந்தாலும் காற்று உள்ளே போகுமேயன்றி வெளியே வராது. பணியிடத்தின் காற்றை வடிதாளில் இழுத்துச் சோதிக்கிறார்கள். சிறுநீரைச் சோதிக்கிறார்கள். தடித்த எஃகுச் சுவர்களால் ஆன ஓர் அறையில் தொழிலாளரைப் படுக்கவைத்து, மார்பின் மேல் நுண்கதிர்க் கருவியை நிறுத்தி, உள்ளிருந்து வரும் மெல்லிய கதிர்களை எண்ணும் முறையும் கல்பாக்கத்தில் உண்டு. வெளிச் சூழலின் இயற்கைக் கதிர்வீச்சு குறுக்கிடாமல் இருப்பதற்கே அந்த எஃகு அறை. மார்புத் தசையும் விலா எலும்பும் எவ்வளவு கதிரை விழுங்கும் என்பதை அறிய, மனித மார்பைப் போன்ற மாதிரி உருவம் செய்து கருவியைச் சரிபார்க்கிறார்கள்.

1983 நவம்பரில் அமைக்கப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வகுத்துள்ளது. கதிர்ப் பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறலாகாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட் மட்டுமே. இந்த ஏற்பாடுகள் போதுமா, இன்னும் வேண்டுமா என்பது வல்லுநர்கள் விவாதிக்க வேண்டியது. இங்கே கருதத்தக்கது ஒன்றே. ஒரு மனிதனின் மூச்சுக்குள் நுழையக்கூடிய உலோகத்தை அளக்க வேண்டும் என்னும் கடமையை அந்தத் தொழில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கணக்கிடப்படாத மூச்சு

அதே தொழிலாளர் பணி முடிந்து வாயிலைக் கடந்து வருகிறார். தேநீர்க் கடையில் ஒரு பீடியைப் பற்றவைக்கிறார். அந்த இடத்தில் எஃகு அறை இல்லை, வரம்பு இல்லை, பதிவேடும் இல்லை. ஆனால் கதிர்வீசும் தனிமம் ஒன்று அங்கும் இருக்கிறது.

புகையிலையில் பொலோனியம்-210 உண்டு என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ராட்ஃபோர்டும் ஹன்டும் 1964-இலேயே வெளியிட்டனர். மண்ணிலும், பாஸ்பேட் உரத்திலும் மிகச் சிறிய அளவில் ரேடியம் இருக்கிறது. அதிலிருந்து எழும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து, அதன் வழித்தோன்றல்கள் இலைகளின் மேல் படிகின்றன. புகையிலையின் இலையில் பிசுபிசுப்பான நுண்மயிர்கள் இருப்பதால் அவை நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மழையாலும் முழுவதும் கழுவப்படுவதில்லை. காரீயம்-210 இருபத்திரண்டு ஆண்டு அரைவாழ்வு உடையது. அதிலிருந்து பொலோனியம் தொடர்ந்து பிறந்துகொண்டே இருக்கும். எரியும் சிகரெட்டின் நுனியில் வெப்பம் 900 டிகிரியை எட்டும்போது பொலோனியம் ஆவியாகிப் புகையோடு உள்ளே செல்கிறது. மூச்சுக் குழல் கிளை பிரியும் இடங்களில், நுண்மயிர்களின் துப்புரவு மிகத் தளர்ந்திருக்கும் அந்த முச்சந்திகளில், அது படிகிறது. புகைப்பவர்களின் நுரையீரலில் பொலோனியம் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அணுநிலையத்தின் பெயரைக் கேட்டதும் அஞ்சுகிற மனம், சட்டைப் பையில் இருக்கும் கதிர்ப்பொருளைக் கண்டு அஞ்சுவதில்லை. அளக்கப்படுவது ஆபத்தாகவும் அளக்கப்படாதது பழக்கமாகவும் தோன்றிவிடுகிறது. ஆபத்து அளவைப் பொறுத்தது; அச்சமோ பெயரைப் பொறுத்ததாகிவிடுகிறது.

காட்மியமும் கேடிஎம் நகையும்

பொலோனியத்தைவிடப் பரவலானது காட்மியம். மண்ணில் இருக்கும் காட்மியத்தை இலைகளில் சேர்த்துவைப்பதில் புகையிலைச் செடி பேர்போனது. ஒரு சிகரெட்டில் ஒன்று முதல் இரண்டு மைக்ரோகிராம் வரை இருக்கிறது. உணவில் வரும் காட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே குடல் ஏற்கும். மூச்சில் வருவதை நுரையீரல் அதனினும் பன்மடங்கு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. ஏற்றது சிறுநீரகத்தில் சென்று தங்குகிறது. அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். நெடுங்காலம் புகைத்தவர் உடலில் உள்ள காட்மியம் புகைக்காதவர் உடலில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இருபது வயதில் இழுத்த புகையின் காட்மியம் நாற்பது வயதிலும் அவருக்குள் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த உலோகம் பணியிடத்தில் செய்யும் கேட்டை 1950-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் ஃபிரிபெரி தெளிவாக எழுதினார். நிக்கல்-காட்மியம் மின்கலத் தொழிற்சாலையில் தூசைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் நுண்ணறைகள் சிதைந்து மூச்சுத்திணறலும், சிறுநீரகம் பழுதுபட்டுச் சிறுநீரில் புரதமும் கண்டார். ஒரே நஞ்சு, வாயில் ஓரிடம், வடு ஈரிடம்.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று எண்ண வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்கள் அனைத்திற்கும் தெரிந்த ஒரு சொல் உண்டு, கேடிஎம் நகை. அச்சொல் காட்மியம் என்பதிலிருந்து வந்ததே. பொற்கொல்லர் நகையின் இணைப்புகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார். முற்காலத்தில் அப்பொடியில் செம்பும் வெள்ளியும் மிகுதியாக இருந்ததால் நகையை உருக்கினால் மாற்றுக் குறைந்தது. தங்கத்தோடு சிறிது காட்மியம் சேர்த்த பொடி வந்தபின் மாற்றுக் குறையவில்லை. வாங்குவோர் மகிழ்ந்தனர். ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகவே 1064 டிகிரி வேண்டும். ஊதுகுழலின் சுடர் பட்டதும் காட்மியம் ஆவியாகிக் குனிந்திருக்கும் பொற்கொல்லரின் முகத்திற்கே எழுகிறது. முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பின்னர்ச் சளிக் காய்ச்சல் போலத் தொடங்கும். அளவு மிகுந்திருந்தால் நுரையீரல் அழற்சியுற்று உயிருக்கே கேடாகும். சிறிய அளவாயின் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தில் சேரும்.

அந்நகையை அணிந்தவருக்குத் தீங்கில்லை. தீங்கு அதைச் செய்தவருக்கே. இன்று ஹால்மார்க் முறை காட்மியத்தை ஏற்பதில்லை. 2021 சூன் முதல் நாட்டில் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகிவருகிறது. திருமணத்திற்கு நகை வாங்கும் குடும்பம் ஹால்மார்க் கேட்பது தன் பணத்தைக் காப்பது மட்டுமன்று. முகம் அறியாத ஒரு பொற்கொல்லரின் மூச்சையும் காப்பதாகும். பிற உயிருக்கு இடர் செய்யாமை என்னும் விரதம் கடைத்தெருவிலும் நோற்கத்தக்கது.

எவர்சில்வரும் வெல்டிங்கும்

சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் குரோமியமும் நிக்கலும் உண்டு. அவை அந்த உலோகத்தில் கட்டுண்டு கிடப்பதால் பாத்திரத்தால் நுரையீரலுக்குக் கேடில்லை. ஆனால் அதே உலோகத்தை வெல்டிங் செய்யும்போது எழும் புகையில் குரோமியம் நச்சு மிகுந்த ஆறிணைதிற வடிவத்தை அடைகிறது. நிக்கலும் மாங்கனீசும் உடன் எழுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆறிணைதிறக் குரோமியம், நிக்கல் சேர்மங்கள், காட்மியம் ஆகியவற்றை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவன என்று முதல் தொகுதியில் வைத்துள்ளது. 2017-இல் வெல்டிங் புகையையே அத்தொகுதியில் சேர்த்தது. புகையிலைப் புகை முன்னரே அங்கிருக்கிறது.

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் உழவை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து மறைமலைநகர், ஒரகடம் போன்ற இடங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். வெல்டிங் நல்ல கூலி தரும் தொழில். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். மூச்சுக்கும் காப்பு வேண்டும் என்பதைச் சிலரே அறிவர். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்துவிட்டு வந்த மாலை குளிரும் காய்ச்சலும் வந்து மறுநாள் தணிந்தால், அது உலோகப் புகைக் காய்ச்சலாக இருக்கலாம். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்லும் வழக்கம் உண்டு. பால் வயிற்றுக்குச் செல்வது. புகை சென்ற இடம் நுரையீரல்.

கல்லில் இருந்து எழும் மாவு

மாமல்லபுரத்தின் கற்சிற்பத்திற்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகெங்கும் உள்ள கோயில்களுக்கு இங்கிருந்து திருவுருவங்கள் செல்கின்றன. அவற்றைச் செதுக்கும் கைகளைப் போற்றுவோர் அக்கைகளுக்கு உடையவரின் மூச்சையும் நினைக்க வேண்டும். கருங்கல்லில் குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிக்கா இருக்கிறது. இது உலோகமன்று, எனினும் அதே வாயில் வழியாக வந்து அதே போலத் தங்குவது. உள்ளே சென்ற சிலிக்கா துகளை விழுங்கிய செல் தானே மடிகிறது. மடிந்த இடத்தில் வடு விழுகிறது. வடுக்கள் சேர்ந்து நுரையீரல் கெட்டிப்படுவதே சிலிக்கோசிஸ். அதை மாற்றும் மருந்து இல்லை. அந்நோய் உடையவருக்குக் காசநோய் பற்றும் வாய்ப்பும் மிகுதி.

பண்டைச் சிற்பிகளும் தூசைச் சுவாசித்தவர்களே. ஆனால் உளியும் சுத்தியலும் பெரும்பாலும் சில்லுகளையே தெறிக்கவைக்கும். மின்சாரத்தால் சுழலும் அறுவைத் தகடும் கிரைண்டரும் கல்லை மாவாக்கிவிடும். ஒரு நாள் வேலை ஒரு மணியில் முடிகிறது. ஒரு நாள் தூசும் அந்த ஒரு மணியில் எழுகிறது. இதனோடு கார்பைடு முனை வைத்த கருவிகளைச் சாணை பிடிக்கும்போது கோபால்ட் என்னும் உலோகத் தூசு எழுகிறது. அதற்கென்றே தனியாக ஒரு நுரையீரல் நோய் உண்டு.

தலையில் கட்டிய துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வது வழக்கம். அது பெரிய தூசைத் தடுக்கும். கொல்லும் தூசைத் தடுக்காது. நீரைத் தெளித்துக்கொண்டே அறுப்பதும், தூசு எழும் இடத்திலேயே உறிஞ்சிக் குழாய் வைப்பதும், காற்று வரும் திசையில் நின்று வேலை செய்வதும், இவற்றிற்கு மேலாக முகத்தோடு பொருந்தும் என்-95 போன்ற வடிகவசம் அணிவதும்தான் காப்பு. கவசம் கடைசிக் காவல். முதற்காவல் தூசே எழாமல் செய்வது.

இரண்டும் சேரும்போது

புகையும் பணியிடத் தூசும் தனித்தனியே செய்யும் கேட்டைக் கூட்டினால் கிடைப்பதைவிட, இரண்டும் சேர்ந்து செய்யும் கேடு பெரிது. இதற்குப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்காவில் கல்நார் கொண்டு வெப்பக்காப்பு வேலை செய்தவர்களைப் பற்றி 1979-இல் வெளிவந்த ஆய்வு. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் சுவாசித்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 5 மடங்கு. புகைத்தவருக்கு 11 மடங்கு. இரண்டும் உடையவருக்கு 50 மடங்குக்கும் மேல். ஐந்தும் பதினொன்றும் சேர்ந்து பதினாறு ஆகவில்லை; பெருக்கியது போல ஆயின.

இதற்கு ஒரு காரணம் எளிது. மூச்சுக் குழலின் நுண்மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. வீட்டைக் கூட்டுபவரை மயக்கிவிட்டு அந்த நேரத்தில் குப்பையைக் கொட்டுவது போன்றது அது. மற்றொரு காரணம் கவனிக்கப்படுவதே இல்லை. காரீயம் படிந்த விரலால் பிடித்த பீடி வாய்க்குச் செல்கிறது. விரலில் இருந்து பீடியில் ஒட்டிய உலோகம் நெருப்பில் ஆவியாகி மூச்சில் கலக்கிறது. மின்கலப் பட்டறை, வண்ணப்பூச்சு வேலை, ஈயம் பூசும் தொழில் எங்கும் இது நிகழும். அணுநிலையங்களில் கதிர்ப்பொருள் கையாளும் இடங்களில் உண்பதும் பருகுவதும் புகைப்பதும் விலக்கப்பட்டிருப்பது இதனாலேயே. அங்குள்ள அவ்விதி எல்லாப் பட்டறைகளிலும் இருக்கத் தக்கது.

தொழிலாளரோடு இது முடிவதுமில்லை. பட்டறையில் உடுத்திய சட்டையோடு வீட்டிற்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் தூசும் வீட்டிற்கு வருகிறது. வயிற்றுக்குள் சென்ற காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பது பத்தில் ஒரு பங்கு அளவே. சிறு குழந்தையின் உடல் பாதியளவு வரை ஏற்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். 2016–17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் புகைப்பவர் நூற்றுக்கு 10.7 பேர், ஆனால் வீட்டிற்குள் பிறர் விடும் புகைக்கு ஆளாகுவோர் நூற்றுக்கு 38.7 பேர். ஒருவர் இழுப்பதை நால்வர் சுவாசிக்கின்றனர்.

கொடைக்கானல் தந்த பாடம்

தமிழகத்தில் உலோக ஆவியின் கதை ஒன்று ஊரறிந்தது. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் கண்டறியப்பட்டதையடுத்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசத்தை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். அதன் ஆவியைச் சுவாசித்தாலோ ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரத்தத்தில் ஏறிவிடும். முன்னாள் தொழிலாளர்கள் தம் உடல்நலக் கேட்டிற்கு இழப்பீடு கேட்டு நெடுங்காலம் போராடினர்; நிறுவனம் அக்கேட்டிற்குத் தான் காரணமன்று என்றது. 2016-இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை ஏற்பட்டது.

இதில் உள்ள பாடம் ஒன்று. பணிபுரிந்த காலத்தில் யார் எவ்வளவு சுவாசித்தார் என்னும் கணக்குத் தொழிலாளர் கையில் இல்லாவிட்டால், பின்னாளில் நோய்க்குக் காரணம் காட்டுவது அரிது. அளவு எடுப்பது அறிவியலுக்கு மட்டுமன்று, நீதிக்கும் வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காரீயம், பாதரசம், மாங்கனீசு, ஆர்செனிக் ஆகியவற்றால் வரும் நச்சு நோய்களையும் சிலிக்கோசிஸையும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாகப் பட்டியலிட்டது. ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறைக்கு அப்பட்டியல் எட்டுவதே இல்லை.

செய்யத்தக்கவை

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் கல் தச்சரைப் பற்றியும் புகையிலைத் தொழிலாளரைப் பற்றியும் தனித்தனியே எழுதினார். நோயாளியிடம் அவருடைய தொழில் என்ன என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்பது அவர் தந்த நெறி. இன்று மருத்துவர் கேட்கத் தவறினாலும் நோயாளி சொல்ல வேண்டும். ‘இருமல்’ என்று மட்டும் சொல்லாமல், ‘பன்னிரண்டு ஆண்டு கிரைண்டரில் வேலை, நாளுக்கு ஒரு கட்டுப் பீடி’ என்று சேர்த்துச் சொன்னால் மருத்துவம் வேறு வழியில் செல்லும்.

தூசிலும் புகையிலும் வேலை செய்பவர் ஆண்டுக்கொரு முறை மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும், மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் மார்பு எக்ஸ்-ரேயும் செய்துகொள்ள வேண்டும். அறிக்கைகளைக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றி, கை முகம் கழுவியபின் வீட்டிற்கு வர வேண்டும். அத்துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

உடலில் சேர்ந்த உலோகத்தை ஒரே வாரத்தில் வெளியேற்றும் என்று விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்ப வேண்டாம். காரீயம், பாதரசம் போன்ற சிலவற்றிற்கு மருத்துவமனையில் வைத்துச் செய்யும் சிகிச்சை உண்டு. சிறுநீரகத்தில் நெடுங்காலமாகப் படிந்த காட்மியத்திற்கு அதுவும் இல்லை.

புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி 1800-11-2356 என்னும் எண்ணில் கிடைக்கிறது. விட்டவருக்குப் பயன் கண்கூடு. சில வாரங்களில் நுண்மயிர்கள் மீண்டும் அசையத் தொடங்கும். முதலில் இருமல் சற்றுக் கூடலாம். அது துப்புரவு தொடங்கியதன் அடையாளம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பாதியளவுக்குக் குறைகிறது. ஐம்பது வயதில் விட்டாலும் இலாபமே.

நிறைவாக ஒரு சொல். ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் மூன்று சொற்களை இந்த அவையில் உள்ள முதியோர் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். வினை வந்து சேர்வது ஊற்று. வரும் வழியை அடைப்பது செறிப்பு. சேர்ந்தது கழிவது உதிர்ப்பு. உயிருக்குச் சொல்லப்பட்ட அந்த வரிசையை உடலுக்கும் ஓர் உவமையாகக் கொள்ளலாம். உலோகத்தைப் பொறுத்தவரை உதிர்ப்பு மிக மெதுவானது. சிலவற்றிற்கு ஒரு மனித வாழ்நாளே போதாது. ஆகவே கையில் இருப்பது செறிப்பு ஒன்றே. அதாவது வாயிலை அடைப்பது.

கல்பாக்கத்தின் எஃகு அறையில் ஒரு தொழிலாளரின் மார்பின் மேல் நிற்கும் கருவி, ஒரு மனிதனின் மூச்சு அளந்து காக்கத்தக்க செல்வம் என்று சொல்லாமல் சொல்கிறது. சிற்பியின் மூச்சும், பொற்கொல்லரின் மூச்சும், வெல்டிங் செய்யும் இளைஞரின் மூச்சும், புகைப்பவர் அருகே உறங்கும் குழந்தையின் மூச்சும் அதே மதிப்புடையவை. அவற்றிற்குக் கருவி வரும் நாள் வரட்டும். அதுவரை குடும்பமே அந்தக் காவலை ஏற்க வேண்டும்.